'1080பி சப்போர்ட்' என்றால் 1080பி புரொஜெக்டர் அல்ல

"பெட்டியில் '1080பி சப்போர்ட்' என்று போட்டிருந்தால் போதும், படம் பார்க்கவும் கம்ப்யூட்டருக்கும் அதுவே கச்சிதம்" என்று புரொஜெக்டர் வாங்குவது பற்றி ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். இதை நம்பி வாங்கிவிடாதீர்கள். சப்போர்ட் என்றால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். திரையில் விழுவது உள்ளே படத்தை உருவாக்கும் பேனலின் நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அதில் உண்மையிலேயே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. அது 1280×720 என்றால் சுமார் 9.2 லட்சம் புள்ளிகள், 1080பி எனப்படும் 1920×1080-க்கோ 20.7 லட்சம். பாதிக்கு மேல் நசுக்கித்தான் காட்டும்.

சினிமாவில் இது பெரிதாக உறுத்தாது. எக்செல் திறந்து பாருங்கள்: கட்டக்கோடு ஒன்று தடிமனாகவும் அடுத்தது மங்கலாகவும் தெரியும், சின்ன எழுத்தில் 'ண' எது 'ன' எது என்று கண்ணைச் சுருக்க வேண்டிவரும்.

நேட்டிவ் 1080பி வாங்கினாலும் கீஸ்டோனை (கோணலாக விழும் படத்தை நேராக்கும் வசதி) தொடாதீர்கள். படத்தை மறுபடி நீட்டிக் குறுக்குவதால் எழுத்தின் கூர்மை போய்விடும் (விற்பவர்கள் இதைத்தான் பெரிய வசதியாகச் சொல்வார்கள்!). புரொஜெக்டரையே திரைக்கு நேராக வையுங்கள். டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை (படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் அமைப்பு) அணையுங்கள். எழுத்தில், குறிப்பாக சிவப்பு எழுத்தில், ஓரம் கசிந்தால் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆர்ஜிபி அல்லது 4:4:4 (இரண்டுமே நிறத் தகவலைக் குறைக்காமல் அனுப்பும் முறைகள்) வைத்துப் பாருங்கள்.