சிட்னி புறநகர்களின் 'குற்ற மதிப்பெண்' பட்டியல்: உண்மை என்ன?

"சிட்னியில் குற்றம் மிகுந்த புறநகர்களுக்கு அரசே மதிப்பெண் போட்டிருக்கிறது. 1000-க்குக் கீழ் என்றால் அங்கே வீடு பார்க்காதீர்கள்" என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அந்த எண்கள் 'சீஃபா' (SEIFA) குறியீட்டைச் சேர்ந்தவை. ஒரு பகுதி எவ்வளவு வசதியானது, எவ்வளவு பின்தங்கியது என்று காட்டும் அளவு அது. ஆஸ்திரேலியப் புள்ளிவிவரப் பணியகம் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கணக்கிட்டவை. வருமானம், கல்வி, வேலை, வீட்டு வசதி போன்றவைதான் அதில் உண்டு. குற்றம் என்ற அளவுகோலே கிடையாது. 1000 என்பதும் அபாயக் கோடு அல்ல. நாட்டின் சராசரி 1000 வரும்படி அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏராளமான பகுதிகள் அதற்குக் கீழேதான் இருக்கும்.

இன்னொன்று, இது பகுதிக்கான அளவு, தனிமனிதருக்கானது அல்ல என்பதைப் பணியகமே தெளிவாகச் சொல்கிறது. சிட்னியில் வசதி குறைந்த மவுண்ட் டிரூயிட்டுக்கும் வசதி மிகுந்த மோஸ்மனுக்கும் இடையே உள்ள வசதி இடைவெளி உண்மை. உதவி எங்கே தேவை என்று காட்டத்தான் இந்தக் குறியீடு பயன்பட வேண்டும். அதை வைத்தே அங்குள்ள குடும்பங்களைக் குற்றவாளிகளாக்குவது அநியாயம்.

சீஃபா விவரங்கள் பணியகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குற்ற விவரம் வேண்டுமானால் நியூ சவுத் வேல்ஸ் குற்றப் புள்ளிவிவரப் பணியகத்தின் தளத்தைப் பாருங்கள். இந்தப் பட்டியலைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.