மனைவிக்கு மட்டும் எடுத்த ரத்தம்

ஆறு வருடத்துக்கு முன்பு, மனைவி மசக்கையாக இருந்தபோது ரத்தம் எடுத்தார்கள். அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போன மாதம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அந்தக் கோப்பு கைக்கு வந்தது. சர்க்கரைக்குக் கீழே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி என்று, உடலுறவில் தொற்றக்கூடிய மூன்று நோய்களுக்கு மூன்று வரிகள். மூன்றுக்கும் எதிரே நீல மையில் 'நெகட்டிவ்'. கர்ப்பிணி என்றால் எல்லோருக்கும் பார்ப்பதுதான். அவள் நடத்தையை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவனுக்கும் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கல்யாணத்துக்கு முன்பு நான் ஒன்றும் முனிவன் இல்லை; அது அவளுக்கும் தெரியும்.

நானும் பார்த்துவிடப் போகிறேன் என்று நண்பனிடம் சொன்னேன். "குத்துக்கல் மாதிரி இருக்கிறாய், உனக்கென்னடா?" என்றான். இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, மருந்தில்லாமலே ஆறியும் விடும். கிருமி மட்டும் வருடக்கணக்கில் உள்ளேயே குடியிருக்கும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரி ஏறும்போதுதான் கருக்குழாய் அடைத்திருப்பது தெரியவரும். அப்போதும் ஏச்சு அவளுக்குத்தான். கொண்டுவந்து கொடுத்தவன் குத்துக்கல்லாகவே இருப்பான்.

முதலில் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர் "எச்.ஐ.வி.யா சார்?" என்று கடைசி நாற்காலி வரை கேட்கும்படி கேட்டார். "இல்லை, தைராய்டு" என்று சொல்லி, அதற்குப் பணமும் கட்டிவிட்டு வந்தேன். (தைராய்டு நன்றாகவே இருக்கிறது.)

மறுவாரம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் இருக்கும் நம்பிக்கை மையம். காசு கிடையாது. ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். கடைசியாக ஆணுறை இல்லாமல் எப்போது, யாருடன் என்று பஸ் நேரம் விசாரிப்பதுபோல் கேட்டார். தொற்றி மூன்று மாதம் ஆகாவிட்டால் எச்.ஐ.வி. இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அப்படியானால் மறுபடி வரவேண்டும் என்றார். சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. பார்ப்பதும், முடிவை வெளியே சொல்வதும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. அதைப் படித்துக்கொண்டு போயிருந்தேன், சொல்லிக்காட்ட வேலையே வரவில்லை. கிளமிடியாவும் வெட்டையும் (கொனோரியா) இந்த ரத்தத்தில் தெரியாது, அறிகுறி ஏதும் இருந்தால் பால்வினை நோய்களுக்கென்றே இருக்கும் சுகவாழ்வு மையத்துக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார்.

வெளியே வந்தால் எதிரே அம்மாப்பேட்டைச் சித்தி. "யாருக்கு சாமி உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லை சித்தி. சும்மா ரத்தம் பார்க்க வந்தேன்."

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சர்க்கரையா? இந்த வயசிலேயா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இவ்வளவு நீளமாக எழுதுகிறவனுக்கு அங்கே வாய் வரவில்லை.

எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் நெகட்டிவ். மனைவி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹெபடைடிஸ் பி எங்கே? எனக்கு மூன்று, உங்களுக்கு இரண்டுதானா?"

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.