"மனசு வைங்க" என்று சொல்வதற்கு முன்னால்

சேலத்தில் 14 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். தினமும் நான் அதிகம் சொல்வது "கொஞ்சம் மனசு வைங்க, கை தானா மேல போகும்" என்பதுதான். அந்த மனசு எப்படி இருக்கிறது என்று பல வருடம் யாரிடமும் கேட்டதில்லை.

போன வருடம் ஏற்காட்டிலிருந்து ஒருவர் வந்தார். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையில் எலும்பு முறிவு. எலும்பு கூடிவிட்டது, கைதான் ஏறவில்லை. படுக்கவைத்து நான் தூக்கினால் 130 டிகிரி வரும். நின்றுகொண்டு அவரே தூக்கினால் 70ஐத் தாண்டாது. ஸ்கேனில் தசைநார் கிழியவும் இல்லை.

எங்கள் சுவரில் விரல் ஏணி இருக்கிறது. மரச்சட்டத்தில் வெட்டிய படிகளில் விரலை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எட்டாவது படியில் அவர் விரல் நின்றுவிடும். உள்ளங்கை வியர்த்து மரத்தில் ஈரம் பதியும். "வீட்ல எக்சர்சைஸ் பண்றதே இல்ல போல" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த மனிதரை.

ஒருநாள் கரண்ட் போய்விட்டது. அவருக்கு ஹாட் பேக் வைத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "ராத்திரி தூக்கம் எப்படிங்க?"

"தூக்கம் எங்கீங்க சார். கண்ண மூடுனா விழுந்துட்டே இருக்கறேன்."

ஏணியிலிருந்து விழுந்தவரை ஒரு மாதமாக ஏணி முன்னால் நிறுத்தியிருக்கிறேன்! அப்புறம் குழுக் கடன், மேஸ்திரி வேறு ஆள் போட்டது எல்லாம் வந்தது. பயந்த உடம்பு தசையை இறுக்கும், இறுகினால் வலிக்கும், வலித்தால் அசைக்கவே தோன்றாது. படித்த பாடம்தான். பரீட்சையோடு மறந்திருந்தேன்.

நோயாளியின் மனநிலையையும் கேளுங்கள் என்றால், "நாம என்ன மனநல ஆலோசகரா?" என்கிறார்கள் சக பிசியோக்கள். இல்லை, ஆகவும் வேண்டாம். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் போனதா, மனம் சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருந்ததா என்று இரண்டே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை மார்க். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நோய் என்ன என்று சொல்வது நம் வேலையில்லை. போகத் தயங்குபவருக்கு அரசின் மனநல உதவி எண் 14416 (டெலிமானஸ்) இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரம் இல்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஹாட் பேக் போட்ட 15 நிமிடம் நாம் பார்ப்பது செல்போனைத்தானே?

திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள். பக்கவாதம் வந்தவரிடம் கேட்டால் "அவருக்கென்ன, நல்லாத்தான் தூங்கறாரு" என்று வீட்டம்மா பதில் சொல்லிவிடுவார்.

ஏற்காட்டுக்காரருக்கு விரல் ஏணியை நிறுத்திவிட்டு, மேசைமேல் துண்டை முன்னால் தள்ளும் பயிற்சி கொடுத்தேன். மனநல டாக்டரிடம் போக மூன்று வாரம் மறுத்தார். பிறகு போனார். கை இப்போது 110 வருகிறது. மரம் ஏறுவதில்லை, களத்தில் மிளகு காயவைக்கிறார், கூலி குறைவு.

கேஸ் ஷீட்டில் அந்த இரண்டு கேள்விக்கு இடமில்லை. பழைய ஷீட் இன்னும் 200 மிச்சமிருக்கிறது. தீரும்வரை கீழே பேனாவில் எழுதிக்கொள்கிறேன்.