டெல்டாவில் பசுமைக்குடில் தக்காளி: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பசுமைக்குடிலுக்குள் மண்ணில்லாமல், உரம் கரைத்த தண்ணீர் கொடுத்து வளர்க்கும் தக்காளிக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும், அதனால் காவிரி டெல்டாவுக்குப் பொருத்தம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். முயற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எப்படிப்பட்ட தண்ணீர் என்பதுதான் எங்கள் பக்கம் பெரிய கேள்வி. கடலோரம், வேதாரண்யம் பக்கமெல்லாம், பல இடங்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் உரத்தையும் கரைத்தால் உப்பு இன்னும் ஏறி, வேர் தண்ணீரையும் கால்சியத்தையும் இழுக்கத் திணறும். காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி அழுந்திப்போவது இதனால்தான். நோய் என்று நினைத்து மருந்தடித்தால் காசு வீண். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடிலின் கூரையிலிருந்தே தொட்டியில் பிடித்து, போர் தண்ணீரோடு கலந்துகொள்வது நல்லது. உரக் கரைசலின் பி.எச். (புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்கட்டும்.

அடுத்தது சித்திரை வெயில். உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். விசிறியும் ஈரத்திரையும் வறண்ட ஊரில் குளிர்விக்கிற அளவுக்கு நம் புழுக்கத்தில் குளிர்விக்காது. மூடிய குடிலில் காற்று அசைவும் குறைவு. காலையில் செடி கட்டிய கயிற்றை லேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் மஞ்சள் பொடியாக உதிர்வது கண்ணுக்கே தெரியும், காயும் நன்றாகப் பிடிக்கும்.

அப்புறம் புயல். 2018 நவம்பரில் கஜா வந்தபோது தென்னையே வேரோடு சாய்ந்த ஊர்கள் இவை. குடிலின் கால்களை எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும், எச்சரிக்கை வந்ததும் கூரைத் தாளைக் கழற்ற முடியுமா என்று அடுத்த பகுதியில் அவசியம் எழுதுங்கள்.