கேர்ன்ஸ் குஷிங்கிடம் கற்றது

"ஹெல்மெட் போட்டிருந்தாரா?" தலையில் அடிபட்டு யாரைத் தூக்கி வந்தாலும், கூட வந்தவர்களிடம் இதைக் கேட்டுவிடுவேன். மலையகத்தில் தாதியாக இருக்கிறேன். மழையும் பனிமூட்டமும் சேர்ந்த நாளில் எங்கள் வளைவுகளில் பைக் எப்படி வழுக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "எல்லாம் விதி மிஸ்" என்பார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதே இல்லை. அதனால்தான் இரண்டு டொக்டர்களைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்கரான ஹார்வி குஷிங், மூளைச் சத்திரசிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்த முன்னோடி. மாணவராக இருந்தபோது அவர் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். அப்புறம் நண்பர் கொட்மனோடு சேர்ந்து, மயக்கத்தில் கிடப்பவரின் நாடியையும் மூச்சையும் விடாமல் தாளில் குறிக்கத் தொடங்கினார். இன்று தியேட்டரில் நிரப்புகிற மயக்க மருந்துச் சார்ட்டுக்கு அதுதான் தொடக்கம். கடைசி வரைக்கும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

1926இல் ஹியூ கேர்ன்ஸ் பொஸ்டனுக்குப் போய் அவரிடம் சேர்ந்தார். அவுஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் வேலை பார்த்தவர். பொஸ்டனில் இருந்தது ஒரு வருஷம்தான். திரும்பி வந்தவர் மூளைச் சத்திரசிகிச்சையையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டார். முதல் உலகப் போரில் பெயர்பெற்ற பிரித்தானிய அதிகாரி 'அரேபியாவின் லோரன்ஸ்', 1935இல் மோட்டார் சைக்கிளில் விழுந்து ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் கேர்ன்ஸும் ஒருவர். லோரன்ஸ் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போயிருப்பார். கேர்ன்ஸ் கணக்கெடுத்தார். 1941இல் அவர் எழுதிய கட்டுரையில், ஹெல்மெட்டோடு விழுந்து தலையில் அடிபட்டவர்கள் 7 பேர்தான். 7 பேரும் பிழைத்தார்கள். அதே வருஷம் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. சாதாரண மக்களுக்கு அங்கே சட்டம் வர 1973 ஆனது. கேர்ன்ஸ் 1952லேயே போய்விட்டார்.

கத்தி பிடிக்கும் நுட்பத்தை விட, ஒவ்வொரு நோயாளியையும் எழுதி வைக்கும் பிடிவாதம்தான் குஷிங் கொடுத்த பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன். தோட்டத்து லயத்திலிருந்து படித்து டொக்டராகி வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள் வேண்டும். மனதார வேண்டும்.

நானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயர் எழுதுவதில்லை. திகதி, ஓட்டினவரா பின்னால் இருந்தவரா, ஹெல்மெட் உண்டா இல்லையா, அவ்வளவுதான். போன வாரம் புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஹெல்மெட் பட்டி போட்டிருந்தாங்களா என்று ஒரு கட்டம் சேர்ப்போமா சிஸ்டர்?"

அன்றைக்கே ரூலரை எடுத்துக் கோடு போட்டுவிட்டோம்.