அஞ்சு பாயிண்ட் சமாதானம்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு முதல் உலகப்போர் பாடத்தை உருப்போட்டாள். 'வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் கடுமையான நிபந்தனைகளே இரண்டாம் உலகப்போருக்கு வித்திட்டன.' போருக்குப் பிறகு ஜெயித்த நாடுகள் தோற்ற ஜெர்மனியிடம் கையெழுத்து வாங்கிய சமாதான உடன்படிக்கை அது. கண்ணை மூடிக்கொண்டு இந்த வாக்கியத்தையே நாலு தடவை சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வாக்கியத்தை எழுதித்தான் மார்க் வாங்கினேன். "அது அவ்வளவு லேசுப்பட்ட விஷயமில்லம்மா" என்று ஆரம்பித்தேன். "மாமா, ப்ளீஸ். அஞ்சு பாயிண்ட் எழுதினா போதும்" என்று கும்பிட்டுவிட்டாள். அவளிடம் சொல்ல வந்து பாதியில் முழுங்கியதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

1914 ஜூலை கடைசியில் ஆரம்பித்த சண்டை 1918 நவம்பர் 11 அன்று நின்றபோது, செத்த சிப்பாய்கள் மட்டும் 90 லட்சம் முதல் 1 கோடி. காயம்பட்டவர்கள் சுமார் 2 கோடி. இப்படிப்பட்ட எண்களைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. பிரான்சில் வெர்தன் பக்கம் ஃப்ளூரி என்றொரு ஊர் இருந்ததைப் படித்தபோதுதான் சுருக்கென்றது. 1916 சண்டையில் அந்த ஊர் மாறி மாறிக் கைமாறி, கடைசியில் இருந்த தடமே இல்லாமல் போனது. போர் முடிந்த பிறகும் யாரையும் குடியேற விடவில்லை. மண்ணெல்லாம் வெடிக்காத குண்டும் விஷமும் பிணமும். இன்றைக்கும் அங்கே ஒரு வீடு கிடையாது, ஒரு ஓட்டு கிடையாது. ஆனால் மேயர் மட்டும் உண்டு. ஊர் செத்தாலும் பேர் சாகக்கூடாது என்று இன்றுவரை நியமித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே தூவோமோன் எலும்பு மண்டபம். அடையாளம் தெரியாத 1,30,000 பேரின் எலும்புகள் அதற்குள் கிடக்கின்றன. வெளிச்சுவர் ஓரமாகக் குனிந்தால் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே தொடையெலும்பும் மண்டையோடும் விறகுக்கடையில் குவித்துப் போட்டதுபோல. நான் படத்தில்தான் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது. எது பிரெஞ்சுக்காரன் எலும்பு, எது ஜெர்மன்காரன் எலும்பு என்று பிரிக்க வழியில்லாமல் ஒன்றாகவே போட்டுவிட்டார்கள்.

போர் நின்ற விதத்தையும் சொல்லணும். பிரான்சின் கொம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் விடிகாலை 5 மணி தாண்டிப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அமலுக்கு வருவது 11 மணிக்கு. நடுவில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். செய்தி தெரிந்த பிறகும் சில தளபதிகள் ஆட்களை முன்னே அனுப்பினார்கள். அன்று ஒரு நாளில் மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து 2,700 பேருக்கு மேல் செத்தார்கள். எதைப் பிடிக்க?

அடுத்த வருஷம் ஜூன் 28, வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். 1871-ல் பிரான்சைத் தோற்கடித்த கையோடு ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்த அதே மண்டபம். பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோ வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இடம். அவர் இன்னொன்றும் செய்தார். முகம் சிதைந்த ஐந்து சிப்பாய்களைக் கூட்டிவந்து மண்டபத்தில் ஓரிடத்தில் இருத்தினார். தாடையும் மூக்கும் போய், தைத்து ஒட்டிய முகங்கள். கையெழுத்துப் போட வந்த ஜெர்மன் மந்திரிகள் இரண்டு பேரும் அவர்களைப் பார்க்கட்டும் என்று. இந்தக் காட்சி என்னை ரொம்ப நாளாக விடவில்லை. மரியாதைக்குக் கூட்டிவந்தாரா, சாட்சிப் பொருளாகக் கூட்டிவந்தாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். உடன்படிக்கையில் என்ன எழுதலாம் என்று அந்த ஐந்து பேரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, நிபந்தனைகளுக்கு வருவோம். ஜெர்மனியின் படையை ஒரு லட்சம் பேருக்குள் நிறுத்தினார்கள். அல்சேஸ், லொரைன் பகுதிகள் பிரான்சுக்குத் திரும்பின, குடியேற்ற நாடுகள் பறிபோயின. 231-ஆம் பிரிவு, சேதத்துக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளுமே பொறுப்பு என்றது. 1921-ல் ஈட்டுத்தொகையை 13,200 கோடி தங்க மார்க் என்று தீர்மானித்தார்கள். கேட்டால் மயக்கமே வரும். ஆனால் அதில் 8,200 கோடி, வசூலாகாது என்று தெரிந்தே, உள்ளூர் வாக்காளர்களைச் சமாதானப்படுத்தப் போட்ட கணக்கு. நம் ஊர்ப் பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை மாதிரி. கடைசியில் ஜெர்மனி உண்மையில் கட்டியது ஏறக்குறைய 2,000 கோடி.

கடுமை என்று சொல்பவர்கள் அதற்கு முந்தைய இரண்டு உடன்படிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். 1871-ல் ஜெர்மனி பிரான்சிடம் 500 கோடி ஃபிராங்க் கேட்டது. பிரான்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு 1873-க்குள் கட்டி முடித்தது. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்கில் ஜெர்மனி ரஷ்யாவின் கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்தில் உக்ரைன், போலந்து, பால்டிக் பகுதி, பின்லாந்து எல்லாம் போயின. ரஷ்ய மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போனது. ஜெயித்திருந்தால் ஜெர்மனி எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"அப்போ 1923-ல் கட்டுக்கட்டாக நோட்டை வண்டியில் தள்ளிக்கொண்டு போனார்களே?" என்று கேட்பீர்கள். ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்றானது உண்மைதான். போர்ச் செலவுக்கு வரி போடாமல் கடன் மேல் கடன் வாங்கியது முதல் காரணம், ஜெயித்து எதிரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் பிரெஞ்சுப் படை நுழைந்தபோது அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க நோட்டை அச்சடித்துத் தள்ளியது அடுத்தது. ஈட்டுத்தொகைக்கும் அதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் 1928 தேர்தலில் நாஜிக் கட்சி வாங்கிய ஓட்டு 2.6 சதவீதம். வெர்செய்ல்ஸ் கையெழுத்தாகி ஒன்பது வருஷம் கழித்தும் அவ்வளவுதான். பொருளாதார வீழ்ச்சி வந்து வேலை போன பிறகுதான் 1932 ஜூலையில் அது 37.3 ஆனது. அதே ஜூலையில் லோசான் மாநாட்டில் ஈட்டுத்தொகையைக் கிட்டத்தட்ட ரத்தே செய்துவிட்டார்கள். ஹிட்லர் பதவிக்கு வந்தது அதற்கும் ஆறு மாதம் கழித்து. கடுமைதான் காரணம் என்றால் இந்தத் தேதிகள் ஒட்டவே இல்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே கேள்வி இருந்தது: என் பிள்ளை எதற்குச் செத்தான்? சமாதானம் என்று ஒன்று செய்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு நேர்மையாக ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் யாரும் வைத்திருக்கவில்லை. பிரான்சில் 'ஜெர்மனி எல்லாவற்றையும் கட்டும்' என்றார்கள். ஜெர்மனியில் சொன்னது அதைவிட மோசம்.

1918 செப்டம்பர் 29 அன்று, போரை நிறுத்தக் கேளுங்கள், தாங்காது என்று ஜெர்மன் பேரரசர் கைசரிடம் சொன்னது ராணுவத் தலைமைதான், தளபதி லூடென்டார்ஃப். ஆனால் ரயில் பெட்டிக்குள் போய்க் கையெழுத்துப் போட்டது எர்ட்ஸ்பெர்கர் என்ற சிவிலியன் அரசியல்வாதி. தோற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்கொண்டான். அடுத்த வருஷமே இன்னொரு பெரிய தளபதி ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நின்று, ராணுவத்தை முதுகில் குத்திவிட்டார்கள் என்று சாட்சி சொன்னார். 1921-ல் எர்ட்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். 1923-ல் லூடென்டார்ஃப் மியூனிக் தெருவில் ஹிட்லரோடு ஊர்வலம் போனார். 1933-ல் ஹிட்லரைப் பிரதமராக நியமித்தவர், அப்போது ஜனாதிபதியாக இருந்த அதே ஹிண்டன்பர்க்.

இவர்களைத் திட்டுவது சுலபம். எனக்குக் கஷ்டமாக இருப்பது எபெர்ட் விஷயம். புதிய குடியரசை நடத்த வந்த சோஷலிஸ்ட், நல்ல மனுஷன். 1918 டிசம்பரில் பெர்லினுக்குத் திரும்பிய சிப்பாய்களை வரவேற்று, எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்று பேசினார். எபெர்ட்டின் மகன்களில் இரண்டு பேர் 1917-ல் போரில் செத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பன், பிழைத்து வந்த பிள்ளைகளைப் பார்த்து வேறு என்ன சொல்வான்? எழவு வீட்டில் நாமும்தான் இல்லாததையெல்லாம் சொல்கிறோம். ஆனால் அந்த ஆறுதல் வார்த்தை அப்படியே நின்றுபோனது. வெல்லவில்லை என்றால் அப்புறம் ஏன் தோற்றோம்? யாரோ காட்டிக்கொடுத்திருக்கணும். அந்த யாரோவுக்கு யூதர்கள் என்று பேர் வைக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

வெற்றி பெற்றவர்களை நான் விட்டுவிடவில்லை. உடன்படிக்கையில் இல்லாத ஒரு கொடுமைதான் என் கணக்கில் பெரியது. ஜெர்மனிக்குச் சாப்பாடுகூடப் போகவிடாமல் போட்ட கடல் முற்றுகையை, சண்டை நின்ற பிறகும் 1919 ஜூலை வரை எடுக்கவில்லை. இடையில் மார்ச்சிலிருந்து கொஞ்சம் உணவு விட்டார்கள், அவ்வளவுதான். போரின் மொத்தக் காலத்திலும் முற்றுகையின் பட்டினியாலும் அதோடு வந்த நோயாலும் செத்த ஜெர்மன் பொதுமக்கள் 4 லட்சத்திலிருந்து 7 லட்சத்துக்கு மேல் வரை என்று கணக்கிடுகிறார்கள். 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு பொய்த்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்ற தலைமுறை அது. வயிறு மறக்காது.

நம் கதை ஒன்றும் இதில் உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. 'சரியான எம்டன்டா அவன்' என்று இன்றும் திட்டுகிறோமே, அந்த எம்டன். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் கடந்து போனார்கள், 74,000 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில், 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள்' என்று இங்கிலீஷில் செதுக்கிய கல் இருக்கும். நான் பார்த்த ஒரு கல் பழைய கட்டடத்தின் சுவரில் பதிந்திருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தெல்லாம் தூர்ந்துவிட்டது. போனவர்கள் எத்தனை என்பதை விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். செத்தவர்கள் எத்தனை என்பது கைக்கு அகப்படவில்லை. பேர்கள் முதலிலேயே கிடையாது, எண் மட்டும்தான் செதுக்குவார்கள்.

அந்த 74,000 பேருக்காக வெர்செய்ல்ஸில் இந்தியாவின் பேரில் கையெழுத்துப் போட்டது பிகானேர் மகாராஜாவும் பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவும். அதற்கு இரண்டரை மாதம் முன்னால்தான், ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் சுட்டுத் தள்ளியிருந்தார்கள். சமாதானம் பேசிய பாரிஸ் மாநாட்டில் இனச் சமத்துவத்தை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி ஜப்பான் கேட்டது. 17 ஓட்டில் 11 ஆதரவு. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் செல்லும் என்று தலைமை வகித்த அமெரிக்க ஜனாதிபதி வில்சன் தள்ளிவிட்டார். அதே ஜப்பான் சீனாவின் ஷான்டோங்கைத் தன் பங்காக வாங்கிக்கொண்டது, சீனா கையெழுத்தே போடவில்லை. அந்தந்த மக்களே தங்கள் ஆட்சியைத் தீர்மானிக்கட்டும் என்று பேசிய சுயநிர்ணயம் யாருக்கு என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

இத்தனையும் அக்கா மகளிடம் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியரைப் பற்றிச் சொல்வேன். பெர்லினில் ஏழைகள் பகுதியில் டாக்டராக இருந்தவரின் மனைவி. இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா முடியாது என்றார். அம்மாதான் பேசிக் கரைத்துச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். 1914 அக்டோபரில், போன சில நாளிலேயே, பையன் பெல்ஜியத்தில் செத்துப்போனான்.

அவனுக்கு ஒரு சிலை செய்ய ஆரம்பித்து, பிடிக்காமல் கலைத்து, மறுபடி செய்து, 18 வருஷம் ஆனது. மகன் உருவத்தைச் செய்யும் எண்ணத்தையே கடைசியில் விட்டுவிட்டார். கருங்கல்லில் அப்பாவும் அம்மாவும் மட்டும். இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள், ஆனால் சேர்ந்து இல்லை, நடுவே இடைவெளி. அப்பா இரண்டு கையாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். அம்மா குனிந்து போயிருக்கிறார். முகங்கள் அவர்களுடையவைதான். எதிரிமீது ஒரு விரல்கூட நீளவில்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது. பெல்ஜியத்தில் பீட்டர் கிடந்த மயானத்தில் அதை வைத்தது 1932 ஜூலையில். மேலே சொன்னேனே, அதே 37.3 சதவீத ஜூலை.

1918 அக்டோபரில், தோல்வி தெரிந்த நேரத்தில், கடைசி ஆள் வரை வந்து சண்டை போடுங்கள் என்று ஒரு கவிஞர் பத்திரிகையில் எழுதினார். கோல்விட்ஸ் பதில் எழுதினார், போதும், இனி ஒருவனும் சாகக்கூடாது என்று. பழைய ஜெர்மன் கவிஞர் கதேயின் வரி ஒன்றை அதில் எடுத்துப் போட்டிருந்தார்: விதைநெல்லைக் குத்தித் தின்னக்கூடாது. கதே எழுதியது வேறு தானியமாக இருக்கும். ஆனால் பஞ்சத்திலும் விதைநெல் குதிரில் கை வைக்காத வீட்டில் வளர்ந்தவனுக்கு அது நெல்லாகத்தான் கேட்கிறது.

1942-ல் அதே வரியைத் தலைப்பாக வைத்துத் தன் கடைசிக் கல்லச்சுப் படத்தைச் செய்தார். ஒரு கிழவி இரண்டு கைகளையும் விரித்து, மேலங்கிக்குள் சின்னப் பையன்களை மூடிப் பிடித்திருக்கிறாள். பையன்கள் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள், ஓடத் துடிக்கிற முகங்கள். அந்த வருஷமே அவருடைய பேரன் ரஷ்யப் போர்முனையில் செத்தான். சித்தப்பாவின் பேரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள், பீட்டர்.