7-8 எம்.எம். ஏலக்காயும் ஆகஸ்ட் 7-ம்

போடியில் ஏலக்காய் மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர், "தம்பி, எனக்குக் கொஞ்சம் பைத்தான் புரோகிராம் எழுதச் சொல்லித் தாங்க" என்று வந்தார். பி.காம்., டாலி கணக்கு மென்பொருளில் புலி. இங்கே போடி ஏலத்திலும், மேடு ஏறி இடுக்கிப் பக்கம் புத்தடி ஏலத்திலும் எடுத்த சரக்கைத் தரவாரியாகக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் தேவை.

"நகருங்க அக்கா" என்று கீபோர்டை வாங்கி நானே இருபது வரி எழுதிக் கொடுத்தேன். அதுதான் தப்பு. மூன்றாவது வாரம் கடைப் பையன் எக்செல் தாளில் 'தரம்' என்ற தலைப்பை 'ரகம்' என்று மாற்ற, பழைய தலைப்பையே தேடிய புரோகிராம் படுத்துவிட்டது. எங்கே கை வைப்பதென்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? எழுதியது நானாயிற்றே. இப்போது ஏஐயிடம் கேட்டு வாங்கி ஒட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

அடுத்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவர் ஒரு கமாவைத் தேடிப் பத்து நிமிடம் தடவும்போது சும்மா இருப்பது தவம்தான்.

ஏலக்காயை அளவை வைத்துத் தரம் பிரிப்பார்கள். கூட்டலில் 7-8 எம்.எம். தரம் மட்டும் வரவில்லை. "புரோகிராம் தப்பா, தாள் தப்பா?" என்று மட்டும் கேட்டேன். தரங்களை ஒவ்வொன்றாகத் திரையில் பிரிண்ட் செய்து பார்த்தார். 7-8 இருக்க வேண்டிய இடத்தில் 2025 ஆகஸ்ட் 7! பையன் அடித்ததை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை டெக்ஸ்ட்டாக மாற்றினால் 45876 என்கிறது. 1900-லிருந்து எண்ணிய நாள் கணக்கு. அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, மறுபடி அடித்தபின்தான் சரியானது.

இதே தொல்லை மரபணு ஆய்வாளர்களுக்கும் இருந்தது. மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுக்கள் தேதியாகிக்கொண்டே இருக்க, 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். சொன்னதும் அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

பயிற்சி மையங்களிலோ இன்னும் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை) கற்பிக்க, திரையில் நட்சத்திரக் குறிகளால் முக்கோணம் போடச் சொல்கிறார்கள். மண்டிக்காரருக்கு முக்கோணம் எதற்கு? கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கியதே அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனத்தில் வைத்துத்தான். அவரவர் தாள், அவரவர் சிக்கல், அங்கிருந்து தொடங்கினால் லூப் தானாக வரும்.

போன வாரம் அக்கா போன் செய்தார். "எரர் வந்துச்சு தம்பி, கடைசி வரியைப் படிச்சேன். 'எடை'க்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருந்துச்சு, எடுத்துட்டேன். சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்."